மூன்று வாரம் மட்டும் வேலை பார்த்த எக்ஸாமினர்

டேனியல் டீஃபோ எழுதி 1722இல் வெளிவந்த ‘எ ஜர்னல் ஆஃப் த ப்ளேக் இயர்’ புத்தகத்தில், படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற ஓர் இடம் இருக்கிறது. 1665ஆம் ஆண்டு, லண்டன், கொள்ளைநோய். கதை சொல்கிறவர் குதிரைச் சேணம் விற்கும் வியாபாரி, கல்யாணம் ஆகாதவர். பெயர் கிடையாது, கடைசியில் எச்.எஃப். என்று இரண்டு எழுத்து மட்டும். இவரை அவர் குடியிருக்கும் பகுதிக்கு ‘எக்ஸாமினர்’ ஆக நியமிக்கிறார்கள். எந்த வீட்டில் நோய் இருக்கிறது என்று விசாரித்துக் கண்டுபிடித்து, அந்த வீட்டைப் பூட்டச் சொல்லும் வேலை. குறைந்தது இரண்டு மாதம் பார்க்க வேண்டும், மாட்டேன் என்றால் சிறை. எச்.எஃப். விடுவிக்கச் சொல்லி மன்றாடிப் பார்க்கிறார். நடக்கவில்லை. கடைசியில் கொஞ்சம் பணம் கொடுத்து வேறொருவரைத் தன் இடத்தில் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார். மொத்தம் மூன்று வாரம். அது ஆகஸ்ட் மாதம், தன் பகுதியில் நோய் மூர்க்கமாகத் தொடங்கிய நேரம், அதைப் பார்த்தால் மூன்று வாரமே அதிகம்தான் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

பணம் வாங்கிக்கொண்டு அந்த வேலைக்குப் போனவர் யார்? அவருக்கு என்ன ஆச்சு? புத்தகம் சொல்வதில்லை.

இந்தப் பதிவு அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான். நான் படிச்சது பி.இ., ஆங்கில இலக்கியம் இல்லை. வேலை, இரண்டு இடத்தில் இருக்கும் கணக்குகளை ஒப்பிட்டு எது எங்கே இடிக்குது என்று கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுவது. அதனால் இந்தப் புத்தகத்தை ஒரு நாவலாகப் படிப்பதைவிட, ஒரு நகராட்சி எப்படி இயங்கியது, அதன் கணக்கு எங்கே உடைந்தது என்று பார்ப்பதுதான் எனக்கு இயல்பாக வருகிறது. அப்படிப் படிக்கும்போது, நான் படித்தவற்றில் உள்ளாட்சி நிர்வாகத்தைப் பற்றிய சிறந்த புத்தகங்களில் ஒன்று இது என்று தோன்றுகிறது. அதே சமயம், ஒரு முக்கியமான இடத்தில் இது நம்மிடம் கணக்கை மறைக்கிறது என்றும் தோன்றுகிறது.

புத்தகம் எப்படி வந்தது

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1665இல் டீஃபோவுக்கு ஐந்து வயதுதான் இருக்கும். நோய்க் காலம் முழுக்க லண்டனிலேயே இருந்த ஒரு குடிமகன் எழுதியது என்று தலைப்புப் பக்கம் சொல்வது உண்மையில்லை. எச்.எஃப். என்பது அவருடைய பெரியப்பா அல்லது சித்தப்பா முறையுள்ள ஹென்றி ஃபோவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்; அவரும் சேண வியாபாரி, அதே ஆல்ட்கேட் பகுதிக்காரர். டீஃபோ கையில் இருந்தவை பழைய ஆவணங்கள்: வாராந்திர மரணப் பட்டியல்கள், லார்டு மேயர் வெளியிட்ட உத்தரவுகள், அந்தக் காலத்துத் துண்டுப் பிரசுரங்கள், பெரியவர்கள் சொன்ன கதைகள்.

57 வருஷம் கழித்து ஏன் எழுதினார்? 1720இல் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வழியாகக் கொள்ளைநோய் வந்தது. அந்த நகரின் முதல் நிர்வாகிக்கே அந்தக் கப்பல் சரக்கில் பங்கு இருந்தது. லண்டன் பயந்துபோனது. நோய் வந்த ஊரைச் சுற்றிக் காவல் போடலாமா, மக்களைக் கட்டாயப்படுத்தி அப்புறப்படுத்தலாமா என்று காரசாரமாக வாதம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் வந்த புத்தகம் இது. அதே வருஷம், இதற்குக் கொஞ்சம் முன்னால், கொள்ளைநோய்க்கு எப்படித் தயாராவது என்று டீஃபோ ஒரு கையேடும் எழுதியிருக்கிறார். ஆக, ‘அடுத்த முறை நகராட்சி என்ன செய்யணும்?’ என்ற கேள்வி புத்தகத்தின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நகராட்சி நன்றாகச் செய்தவை

எச்.எஃப். லண்டன் நகர நிர்வாகத்தைத் தாராளமாகப் பாராட்டுகிறார். காரணமும் இருக்கிறது. ராஜா இரண்டாம் சார்லஸும் அரசவையும் நகரத்தைவிட்டுக் கிளம்பி, கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு போய்ச் சேர்ந்தார்கள். வசதி இருந்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். லார்டு மேயர் சர் ஜான் லாரன்ஸ் போகவில்லை. மேயரும் ஆல்டர்மேன்களும் (நம்ம கவுன்சிலர்களுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளலாம்) தாங்கள் நகரைவிட்டுப் போகமாட்டோம் என்று அறிவித்தார்கள் என்கிறார் எச்.எஃப். மேயர் தன் கூடத்தில் தாழ்வாக ஒரு மேடை கட்டச் சொல்லி, கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றபடி ஜனங்களுடைய புகார்களைக் கேட்டாராம். 1665இலேயே சமூக இடைவெளியோடு குறைதீர்ப்பு நாள்!

எனக்கு மிகவும் பிடித்தது ரொட்டிக் கணக்கு. ஒரு பென்னி கோதுமை ரொட்டி வருஷத் தொடக்கத்தில் பத்தரை அவுன்ஸ் எடை. நோய் உச்சத்தில் ஒன்பதரை அவுன்ஸ். அவ்வளவுதான் வித்தியாசம். ரொட்டி சுடுகிறவர்கள் அடுப்பை அணைக்கக் கூடாது என்று உத்தரவு, சந்தைகள் திறந்திருந்தன, பிணங்கள் பகலில் தெருவில் கிடக்கவில்லை, இரவில் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனது. எச்.எஃப். சும்மா ‘சிறப்பாகச் செயல்பட்டார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ரொட்டியின் எடையைச் சொல்கிறார். நிர்வாகத்தை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எது? 2020 ஏப்ரலில் உங்கள் தெருவில் தக்காளி என்ன விலை விற்றது என்று யோசித்துப் பாருங்கள். அந்த நிர்வாகத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

பாராட்டுகிறவர் குறையும் சொல்கிறார். இவ்வளவு பெரிய நகரத்துக்கு ஒரே ஒரு கொள்ளைநோய் விடுதி, அதில் இருநூறு முந்நூறு பேருக்குத்தான் இடம், இது பெரிய தப்பு என்கிறார். இப்படி இரண்டு பக்கமும் எழுதுவதால்தான் அவரை நம்பத் தோன்றுகிறது.

உத்தரவு ஒன்று, விளைவு வேறு

இப்போது விஷயத்துக்கு வருவோம். டீஃபோ அந்த 1665 உத்தரவுகளை அப்படியே புத்தகத்துக்குள் எடுத்துப் போட்டிருக்கிறார். ஜூலை 1 முதல் நடைமுறை. சாரம் இது: வீட்டில் யாருக்காவது நோய்க்குறி தெரிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் எக்ஸாமினரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வீடு பூட்டப்படும். நோயாளி மட்டும் இல்லை, மொத்தக் குடும்பமும் உள்ளே, வேலைக்காரர்கள் உட்பட, ஒரு மாதம். கதவின் நடுவில் ஓர் அடி நீளச் சிவப்புச் சிலுவை, பக்கத்தில் கடவுளிடம் இரக்கம் கேட்கும் ஒரு வரி. வாசலில் பகலுக்கு ஒரு காவலாளி, இரவுக்கு ஒரு காவலாளி; சாவி அவர்களிடம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதில் உள்ள கோளாறு உடனே கண்ணில் படும். ஒரு படிவம் இருக்கிறது. அதில் உண்மையைப் பூர்த்தி செய்தால் உங்கள் கணக்கு முடக்கப்படும். பொய்யைப் பூர்த்தி செய்தால் அடுத்த பக்கத்துக்குப் போகலாம். ஆறு மாசம் கழித்து டேட்டாவை எடுத்துப் பார்த்தால் அதில் என்ன இருக்கும்?

என்ன இருந்தது என்று எச்.எஃப். வாரம் வாரமாகக் காட்டுகிறார். லண்டனின் ஒவ்வொரு பேரிஷிலும் (ஒரு தேவாலயத்தைச் சுற்றிய வட்டம், நம்ம வார்டு மாதிரி) பிணத்தைப் பார்த்துச் சாவுக்குக் காரணம் சொல்ல, பதவிப் பிரமாணம் எடுத்த பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் வயசான ஏழைகள். அவர்கள் சொல்வது பேரிஷ் கிளார்க்குக்குப் போகும், அங்கிருந்து வாரப் பட்டியலுக்கு. கொள்ளைநோய் என்று எழுதினால் வீடு பூட்டப்படும். அதனால் பட்டியலில் வேறு நோய்கள் வீங்கத் தொடங்கின. காய்ச்சல், புள்ளிக் காய்ச்சல், குழந்தைகளின் ‘பல் முளைப்பு’ என எல்லாவற்றிலும் திடீரென்று சாவு கூடியது. அந்த வருஷம் மட்டும் லண்டனில் ஏன் இத்தனை பேர் பல் முளைத்துச் செத்தார்கள்? டீஃபோ அந்த எண்களை அடுக்கி வைத்துவிட்டு நம்மையே பார்க்கச் சொல்கிறார். அவருடைய முறை சரியானது.

நாமும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1665இல் பட்டியலில் பதிவான மொத்தச் சாவு 97,306. அதில் கொள்ளைநோய் என்று எழுதப்பட்டது 68,596. முந்தைய வருஷம் எல்லாக் காரணங்களும் சேர்த்துச் சுமார் 18 ஆயிரம். அந்த 18 ஆயிரத்தை 1665இன் மொத்தத்திலிருந்து கழித்தால் கிட்டத்தட்ட 79 ஆயிரம் வருகிறது. பட்டியல் ஒப்புக்கொள்வதைவிடப் பத்தாயிரத்துக்கு மேல் அதிகம். ஊரில் ஏராளமானோர் ஓடிப்போயிருந்ததால் வழக்கமான சாவு இன்னும் குறைந்திருக்க வேண்டும். ஆக, இடைவெளி இன்னும் பெரியது. இதுபோக, ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு வெளியே இருந்த குவேக்கர்கள் மாதிரியானவர்கள் தங்கள் சொந்த இடத்தில் புதைத்தவர்கள் இந்தப் பட்டியலிலேயே இல்லை. எச்.எஃப். தன் மதிப்பீடாக ஒரு லட்சம் என்கிறார்.

இதையெல்லாம் டீஃபோ முதலில் கண்டுபிடிக்கவில்லை. 1662இலேயே ஜான் கிரான்ட் என்ற லண்டன்காரர் இந்த மரணப் பட்டியல்களை வருஷக்கணக்கில் அடுக்கிப் பார்த்து, பழைய கொள்ளைநோய்களில் நாலில் ஒரு பங்கு குறைத்துக் காட்டப்பட்டிருக்கிறது என்று எழுதிவிட்டார். அவருடைய தொழில் துணிக்கடைச் சில்லறைச் சாமான் வியாபாரம். பகலில் கடை, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி! அவர்மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

டீஃபோ கிரான்ட்டைத் தாண்டிப் போகும் இடம் எது என்றால், அந்த எண் எப்படிப் பொய்யாகிறது என்பதை வாசலில் நின்று காட்டுவது. எக்ஸாமினருக்கு வீட்டுக்குள் போய்ப் பார்க்க முடியாது. போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. போனால் இவருக்கே நோய் வரும். அதனால் வாசலில் நின்று கேட்க வேண்டும், அல்லது பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும். வீட்டுக்காரர் ‘எல்லாரும் நல்லா இருக்கோம்’ என்பார். எக்ஸாமினர் எழுதிக்கொண்டு போவார். உண்மை தெரிந்து திரும்பி வரும்போது குடும்பத்தில் பாதிப் பேர் நழுவியிருப்பார்கள். நோய் இருப்பதே தெரியாமல் நன்றாக நடமாடுகிறவர்களால்தான் அதிகம் பரவுகிறது, வீட்டைப் பூட்டிப் பிரயோஜனம் இல்லை என்று எச்.எஃப். முடிவுக்கு வருகிறார்.

என் வாசலில்

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லாமல் இந்தப் பதிவை எழுதினால் அது நேர்மையாக இருக்காது.

2020இல் எங்கள் தெருவில் தினமும் காலையில் ஒரு பெண் வருவாள். இருபது, இருபத்தொன்று வயசு இருக்கும். கையில் ஒரு நோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் துணி மாஸ்க். கேட்டுக்கு வெளியிலிருந்தே கேட்பாள்: “சார், வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல், சளி, இருமல் இருக்கா?” நான் மாடியிலிருந்து, “யாருக்கும் இல்லம்மா” என்பேன். டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

ஜூன் மாசம் ஒரு நாள் ராத்திரி அப்பாவுக்குக் காய்ச்சல். நூற்றி ஒண்ணு. மறுநாள் காலை அந்தப் பெண் வந்து அதே கேள்வியைக் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

காரணம் சொல்லலாம். இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பத்துக்கு உறுதியானபோது வாசலில் தகரம் அடித்தார்கள், கதவில் ஸ்டிக்கர். அந்த வீட்டுக்குப் பால் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு 74 வயசு, எங்கேயோ ஒரு முகாமில் தனியாகப் படுக்க வைத்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். இரண்டு நாள் கழித்து நாங்களே போய்ப் பரிசோதனை செய்தோம். அப்பா பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு நாளில் எத்தனை பேர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து போனார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணையும் சேர்த்து ஏழு.

டேட்டா தப்பாக இருந்தால் ஆபீசில் கத்துகிற ஆள் நான். என் வாசலில் தப்பு டேட்டாவைப் போட்டதும் நான்தான். நகராட்சியின் கணக்கு அன்று காலை என் வாயிலிருந்து கெட்டது.

இதை ஊர்க்கணக்கோடும் பொருத்திப் பார்க்கலாம். 2020 ஜூலை 22 அன்று, அதுவரை கணக்கில் வராத 444 சென்னை மரணங்களைத் தமிழ்நாடு அரசு கொரோனா பட்டியலில் சேர்த்தது. ஒரு குழு பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு. தப்பு நடந்ததைவிட, பிறகாவது ஒப்பிட்டுச் சேர்த்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆனால் மேயர் மேடையில் நின்று புகார் கேட்ட காட்சியைப் படித்தபோது வேறொன்றும் உறைத்தது. சென்னை மாநகராட்சியில் 2016 அக்டோபரில் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சி, நகராட்சிகளிலும் இதே கதைதான். கொள்ளைநோயின் மோசமான இரண்டு வருஷமும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேயரோ வார்டு உறுப்பினரோ இல்லாமல், அதிகாரிகளை மட்டும் வைத்தே ஓடின. தகரத்தைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு ஹெல்ப்லைன் நம்பர் இருந்தது. ஆனால் எங்கள் ஓட்டுக்காக மறுபடி வந்து நிற்க வேண்டிய ஆள் ஒருத்தர்கூட இல்லை.

புத்தகம் மறைக்கும் கணக்கு

சரி, எச்.எஃப்.மேல் என் புகார் என்ன?

வீடு பூட்டுவது தப்பு என்று சொல்லும்போது அவர் பூட்டப்பட்டவர்களுடைய கஷ்டத்தைச் சொல்கிறார். நியாயம். பூட்டுகிறவர்களையும் கொஞ்சம் சொல்கிறார். காவலாளியை ஏதாவது வாங்கிவரச் சொல்லி அனுப்பிவிட்டுக் குடும்பமே தப்பித்த கதை, கோல்மேன் தெருப் பக்கம் ஒரு காவலாளியை வெடிமருந்து வைத்துக் கருக்கிவிட்டுத் தப்பியோடிய கதை. பதினெட்டு, இருபது காவலாளிகள் கொல்லப்பட்டோ குற்றுயிராகவோ கிடந்தார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொல்கிறார். ஆனால் அந்தக் காவலாளிகள் யார்? வேலை போன ஏழைகள். நெசவு நின்றது, கப்பல் நின்றது, வீட்டுவேலை நின்றது. ஆண்கள் காவலுக்கும் பிணவண்டிக்கும் போனார்கள், பெண்கள் செவிலி வேலைக்குப் போனார்கள். வேறு வழியில்லாததால் போனார்கள் என்பதை எச்.எஃப். ஒளிக்கவில்லை.

ஓர் இடத்தில் அவர், கடமையில் நின்று செத்தவர்களைப் பட்டியல் போடுகிறார். மதகுருமார் இத்தனை, ஆல்டர்மேன் இத்தனை, வைத்தியர் இத்தனை. பிறகு கீழ்மட்டத்துக்கு வருகிறார்: ஸ்டெப்னி, வைட்சேப்பல் என்ற இரண்டு பேரிஷ்களில் மட்டும் கான்ஸ்டபிள் மாதிரியான காவல் பணியாளர்கள் 46 பேர். அங்கே அந்தப் பட்டியலைத் தன்னால் மேலே கொண்டுபோக முடியவில்லை என்று நிறுத்திவிடுகிறார். வேறோர் இடத்தில், ஸ்டெப்னியில் அந்த ஒரு வருஷத்தில் குழி வெட்டுகிறவர்கள், பிணம் தூக்குகிறவர்கள், மணி அடிக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள் என்று 116 பேர் செத்தார்கள் என்கிறார். ஒரே ஒரு பேரிஷில். மொத்த லண்டனுக்கும் எத்தனை? அந்தக் கூட்டல் புத்தகத்தில் இல்லை.

ஆல்ட்கேட்டில் வெட்டிய பெருங்குழியில் இரண்டு வாரத்தில் 1,114 உடல்கள் விழுந்தன என்று கடைசி இலக்கம் வரை சொல்கிறவர் இவர். வாரப் பட்டியலைக் கூட்டிக் கழித்து அதிகாரிகளின் பொய்யைப் பிடிக்கிறவர் இவர். அந்தக் குழியில் உடல்களைத் தள்ளியவர்களின் எண்ணிக்கைக்கு வரும்போது மட்டும் கூட்டலை நிறுத்துகிறார்.

இதைவிட மோசமான ஓர் இடமும் உண்டு. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை முப்பது, நாற்பதாயிரம் ஏழைகள் செத்தார்கள். அவர்கள் உயிரோடு இருந்திருந்தால் நகரத்தால் தாங்க முடியாத பாரமாகியிருப்பார்கள், பசியில் கொள்ளையடிக்க இறங்கியிருப்பார்கள் என்ற அர்த்தத்தில் எழுதுகிறார். அவர்களுடைய சாவு நகரத்துக்கு ஒரு விதத்தில் விடுதலை என்கிறார். ரொட்டியின் எடையை அரை அவுன்ஸ் பிசகாமல் எழுதிய அதே கை.

இப்போது அந்த மூன்று வாரத்துக்குத் திரும்புவோம். எச்.எஃப். செய்தது சட்ட விரோதம் இல்லை. பயம் எல்லாருக்கும் வரும். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் முதல் நாளே பணத்தை நீட்டியிருப்பேன். ஆனால் அந்த ஒரு செயலில்தான் மொத்த நகராட்சியின் இயக்கமும் இருக்கிறது. காசு உள்ளவர் ஆபத்தைக் காசு இல்லாதவருக்கு விற்கிறார். வாங்குகிறவருக்குப் பெயர் இல்லை. நகரம் குலையாமல் நின்றதற்குப் பாராட்டு மேயருக்குப் போகிறது. மேயருக்கு அந்தப் பாராட்டு தகும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் நின்றது எதன்மேல்? பெயர் தெரியாத அந்த மாற்றாள்மேல், எண்ணி முடிக்கப்படாத அந்த 46, 116 பேர்மேல்.

‘டீஃபோ வேண்டுமென்றேதான் எச்.எஃப்.ஐ இப்படி முரண்பாடானவராகப் படைத்திருக்கிறார், இது கலை’ என்று ஒரு பதில் வரலாம். இருக்கலாம். எச்.எஃப். தன்னைத்தானே பல இடங்களில் கண்டித்துக்கொள்கிறார்: ஊரைவிட்டுப் போகாமல் இருந்தது தப்பு என்று. தன் பிழைகளை எண்ணும் பழக்கம் உள்ளவர்தான். ஆனால் மாற்றாள் போட்டதை அவர் பிழைகளில் சேர்ப்பதே இல்லை. அது சாமர்த்தியமாக மட்டுமே வருகிறது. முரண்பாட்டைக் காட்ட நினைத்த ஆசிரியர், வாசகன் கால் தடுக்கும்படி எங்காவது ஒரு கல்லை வைத்திருப்பார். இங்கே அப்படி ஒரு கல் எனக்குத் தட்டுப்படவில்லை. டீஃபோவும் அவர்கூடவே தாண்டிப் போகிறார் என்றுதான் படுகிறது. புத்தகத்தின் கடைசியில் நாலு வரிச் செய்யுள் ஒன்று வருகிறது: ஒரு லட்சம் பேர் போனார்கள், நான் உயிரோடு இருக்கிறேன் என்ற பொருளில். அவர் உயிரோடு இருப்பதற்குப் பல காரணங்கள். அதில் ஒன்றுக்கு அவர் கூலி கொடுத்திருக்கிறார்.

‘பூட்டாமல் வேறு என்ன செய்திருக்க முடியும்?’ என்ற கேள்வியும் நியாயமானது. இதற்கு எச்.எஃப். பதில் வைத்திருக்கிறார், அதை நான் முழுசாக ஏற்கிறேன்: விடுதிகள் அதிகம் வேண்டும், நோயாளியை விருப்பத்தின் பேரில் அங்கே மாற்ற வேண்டும், உடம்பு சரியாக இருக்கிறவர்களை அதே வீட்டில் அடைக்கக் கூடாது. சொன்னால் உதவி வரும் என்ற நிலை இருந்தால் ஜனங்கள் சொல்வார்கள். நான் அவரோடு சேர்க்க நினைப்பது ஒன்றுதான். வாசலில் வந்து கேட்கிறவர், பிணத்தைத் தூக்குகிறவர், தெருவைக் கூட்டுகிறவர் ஆகியோருடைய பெயர், எண்ணிக்கை, அவர்களில் யார் யார் விழுந்தார்கள் என்பது, நோயாளிப் பட்டியலைப் போலவே அன்றாடம் பதிவாக வேண்டும். அந்தப் பத்தி காலியாக இருக்கும் நகராட்சி அறிக்கை எதுவாக இருந்தாலும், அது லண்டனோ நம்ம ஊரோ, பாதி அறிக்கைதான்.

லண்டனின் நிவாரணக் கணக்குகளைப் பிற்பாடு பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. அடுத்த வருஷம் 1666 பெருந்தீயில் நகரக் கருவூல அலுவலகமே எரிந்து, கணக்குகளும் போய்விட்டன என்கிறார் எச்.எஃப். லண்டனுக்குத் தீயைக் காரணம் சொல்லலாம். நமக்கு அது இல்லை.

தெருத்தெருவாக வந்த அந்தப் பெண்ணைப் பற்றிப் போன மாசம் பழைய அண்டை வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஆகஸ்டோடு வருவது நின்றுபோச்சு என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒப்பந்தம் முடிந்ததா, உடம்புக்கு ஏதாவது வந்ததா, தெரியவில்லை. தினமும் என் பெயரையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் எழுதிக்கொண்டு போனாள். இரண்டு, மூன்று மாசத்தில் ஒரு நாள்கூட நான் அவள் பெயரைக் கேட்கவில்லை.